முழங்கை: கை வைக்கும் முன் கண் வைக்க வேண்டும்



‘கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை’ என்பது தமிழர் நாவில் நாளும் புழங்கும் பழமொழி. கிட்டவேண்டிய பேறு கிட்டாமற் போனதைக் குறிக்க அதனைச் சொல்வர். உடற்கூற்றின் வழியே நோக்கினால் அது ஒரு மூட்டின் கதையுமாகும். தோள், கையை எத்திசையிலும் நீட்டுகிறது. விரல்கள் பொருளைப் பற்றுகின்றன. பற்றிய கவளத்தை வாய்க்குக் கொண்டு சேர்ப்பதோ முழங்கையின் மடக்கம். அம்மூட்டு நீட்டிய நிலையிலேயே இறுகிவிட்டால், இலை நிறைய உணவிருந்தும் பிறர் ஊட்ட உண்ண வேண்டியதாகும்.

முழங்கையின் அருமையை அது நலமாக இருக்கும் நாளில் எவரும் எண்ணுவதில்லை. பூக்காரம்மாள் முழம் போடும்போது முழங்கை முதல் நடுவிரல் நுனி வரை அளக்கிறார். அந்த முழம் நாள்தோறும் மாறாமல் இருப்பதற்கு அம்மூட்டின் நலமே காரணம். தலை வாருதல், கைகூப்பி வணங்குதல், குழந்தையைத் தூக்குதல், எழுதுதல் ஆகிய யாவும் அதனை நம்பியிருப்பவை.

வீடுகளில் வழக்கமாக நிகழும் ஒன்றை இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் ஊஞ்சலிலிருந்து விழுகிறான். விழும்போது இயல்பாகவே கையை நீட்டித் தரையில் ஊன்றுகிறான். முழங்கை வீங்குகிறது. அவன் அலறுகிறான். வீடே ஓடி வருகிறது. ‘சுளுக்குத்தான், ஒன்றுமில்லை’ என்று சித்தப்பா கையைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறார். பாட்டி எண்ணெயைச் சூடாக்கி நீவி விடுகிறார். பக்கத்து வீட்டார் மூங்கில் சிம்பு வைத்து, வீக்கம் அடங்கட்டும் என்று துணியால் இறுகக் கட்டுகிறார். மூவரும் அன்பினால்தான் செய்தனர். அன்று இரவு சிறுவன் ‘கட்டை அவிழ்த்துவிடுங்கள்’ என்று அழுதுகொண்டே இருக்கிறான். அழுது ஓய்ந்தவன் காலையில் விரல்களை அசைக்கவில்லை.

விழுந்ததனால் வந்த தீங்கு ஒன்று. விழுந்த பின் கைகளால் செய்யப்பட்ட தீங்கு மற்றொன்று. முன்னதைப் பலவேளை தடுக்க இயலாது. பின்னதை முற்றும் தடுக்க இயலும். முழங்கையில் அடிபட்டால் முதலில் வேண்டுவது பார்வை. கை வைப்பது அதன் பின்னரே.

மூன்று எலும்புகள், மூன்று மூட்டுகள்

மேற்கையில் ஓர் எலும்பு உண்டு. முன்கையில் இரண்டு உண்டு: சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா, பெருவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ். இம்மூன்றும் கூடுமிடம் முழங்கை. வெளியிலிருந்து ஒரு மூட்டாகத் தோன்றினும் ஒரே உறைக்குள் மூன்று மூட்டுகள் அமைந்துள்ளன.

மேற்கை எலும்புக்கும் அல்னாவுக்கும் இடையே உள்ளது கதவின் கீல் போன்றது. மடக்கலும் நீட்டலும் பெரும்பாலும் அங்கே நிகழ்கின்றன. ரேடியஸின் தலை வட்டமான பொத்தான் போன்றது. அது மேற்கை எலும்பின் உருண்ட முனையோடு ஒரு மூட்டாகவும், அல்னாவின் பக்கத்தோடு மற்றொரு மூட்டாகவும் சேர்கிறது. ஒரு வளைய நார் அதனைச் சூழ்ந்து பிடித்திருக்க, அதற்குள் அது சுழல்கிறது. உள்ளங்கையை வானோக்கித் திருப்பி நீரை ஏந்துவதும், கவிழ்த்து மேசையில் ஊன்றுவதும் அச்சுழற்சியால் ஆவன.

இயக்கத்தைப் பாகையில் அளப்பர். கை நேராக நீண்ட நிலை 0 பாகை. முழுதும் மடக்கினால் ஏறத்தாழ 140 முதல் 150 பாகை வரை செல்லும். உள்ளங்கை மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் ஒவ்வொரு பக்கமும் 80 பாகை அளவில் திரும்பும். திருப்பத்தை அளக்கும்போது முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 பாகை மடக்கி, கையில் ஒரு பேனாவைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். அவ்வாறு செய்யாவிடில் தோள் இரகசியமாக உதவிவிடும், முழங்கையின் குறை மறைந்துவிடும்.

இவ்வளவு இயக்கமும் அன்றாட வாழ்வுக்கு வேண்டுமா? அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த பெர்னார்டு மோரேயும் உடன் ஆய்ந்தோரும் 1981-ல் இதனை அளந்து வெளியிட்டனர். 30 பாகை முதல் 130 பாகை வரை மடக்கமும், இருபுறமும் 50 பாகைத் திருப்பமும் இருந்தால் உண்ணல், உடுத்தல், தலை வாரல் முதலிய பெரும்பாலான பணிகள் நடைபெறும் என்று கண்டனர். 30 ஆண்டுகளுக்குப் பின் 2011-ல் வெளியான மற்றோர் ஆய்வு, கைப்பேசியைக் காதில் வைக்கவும் விசைப்பலகையில் தட்டச்சு செய்யவும் அதனினும் மிகுதியான மடக்கமும் திருப்பமும் வேண்டும் என்று காட்டியது. வாழ்க்கை மாற மாற முழங்கையின் கடமையும் மாறுகிறது.

கேட்டலும் பார்த்தலும்

அடிபட்ட முழங்கையை அறியும் முறைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கேட்டல், அடுத்துப் பார்த்தல், பிறகு அடிபட்டவரையே அசைக்கச் சொல்லுதல், இறுதியாகத் தொடுதல். வீடுகளிலோ இவ்வரிசை தலைகீழாக நடக்கிறது.

கேட்க வேண்டியவை எளியவை. எவ்வாறு விழுந்தார்? கையை ஊன்றினாரா, முழங்கையின் முனையே தரையில் மோதியதா, யாரேனும் கையைப் பிடித்து இழுத்தனரா? வலி எங்கே? விரல்களில் மரமரப்பு உண்டா? அடிபடுவதற்கு முன் அக்கை எப்படி இருந்தது?

கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றும். அதன் பெருமையைக் கிரிக்கெட் உலகம் அறியும். இலங்கையின் கண்டியிற் பிறந்த தமிழரான முத்தையா முரளிதரனின் வலக்கை பிறவியிலேயே முழுதும் நீளாதது. 1995-ஆம் ஆண்டு டிசம்பரில் மெல்போர்ன் ஆட்டத்தில் அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் பலமுறை முறைப்பந்தல்ல என அறிவித்தார். பின்னர் ஆய்வுக்கூடங்களில் படக்கருவிகள் வைத்து அவர் முழங்கையின் அசைவை அளந்தனர். அவ்வகை அளவீடுகள் பிற வீச்சாளர்களிடத்திலும் கண்ணுக்குத் தெரியாத நீட்டல் இருப்பதை வெளிப்படுத்தின. 2005-ல் பன்னாட்டு கிரிக்கெட் மன்றம் 15 பாகை வரை நீட்டலை எல்லா வகைப் பந்துவீச்சுக்கும் ஏற்றது. வளைந்திருக்கும் முழங்கை யாவும் அடிபட்ட முழங்கை அன்று. அவரவர் இயல்பை அறிந்து, மறு கையோடு ஒப்பிட்டு, அளந்த பின்னரே முடிவு கூற வேண்டும்.

பார்த்தல் அடுத்தது. சட்டைக் கையை விலக்கி இரு கைகளையும் அருகருகே பார்க்க வேண்டும். உள்ளங்கை முன்னோக்க நீட்டிய கை முற்றிலும் நேராக இராது. முன்கை உடலை விட்டுச் சற்றே வெளிப்புறம் சாய்ந்திருக்கும். இச்சாய்வு பெரும்பாலோர்க்கு 5 முதல் 15 பாகை அளவினது, பெண்களுக்குச் சற்று மிகுதி. ஒரு கையில் மட்டும் சாய்வு மிகுந்தாலோ, உட்புறம் திரும்பினாலோ அங்கே பழைய அல்லது புதிய முறிவு ஒன்றின் சுவடு இருக்கக்கூடும்.

முழங்கையின் பின்புறம் மூன்று எலும்பு மேடுகளை எவரும் தம் கையிலேயே காணலாம். உட்பக்க மேடு ஒன்று, வெளிப்பக்க மேடு ஒன்று, நடுவில் அல்னாவின் முனை ஒன்று. கையை நீட்டினால் மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும். 90 பாகை மடக்கினால் முக்கோணமாகும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஹியூட்டரின் பெயரால் மருத்துவ நூல்கள் இதனை வழங்குகின்றன. மேற்கை எலும்பு மூட்டுக்கு மேலே முறிந்தால் இம்முக்கோணம் குலைவதில்லை. மூட்டே நழுவினால் குலைந்துவிடும். வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் வீங்கித் தோன்றும் இரு பெருங்கேடுகளை மூன்று புள்ளிகள் பிரித்துக் காட்டுகின்றன. நீட்டிப் பார்க்க இயலாத கையில் மருத்துவர் இருக்கும் நிலையிலேயே இதனை ஆராய்வார். வீட்டார் இதற்காகக் கையை மடக்கவோ நீட்டவோ முயலக் கூடாது.

தானே அசைத்தல்

இனி அசைக்கச் சொல்லுதல். பிறர் பிடித்து அசைப்பதன்று, அடிபட்டவர் தம் விருப்பால் இயன்ற அளவு அசைப்பது. உருக்குலைவோ பெருவீக்கமோ கண்ட கையில் இதுவும் வேண்டா, நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அவ்வாறு இல்லாதபோது செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. அமர்ந்தபடி, உள்ளங்கைகள் மேல்நோக்க, இரு கைகளையும் தோள் உயரத்துக்கு முன்னே தூக்கி, முழங்கைகளை முழுதும் நீட்டிப் பூட்டச் சொல்ல வேண்டும். இரு கைகளும் ஒன்றுபோல் நீள்கின்றனவா என்று பார்ப்பதே சோதனை. இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள 5 அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் 1,740 பேரிடம் இதனை ஆய்ந்து 2008-ல் வெளியிட்டனர். முழுதும் நீட்ட இயன்றவர் 602 பேர். அவர்களுள் முறிவு இருந்தது 17 பேருக்கு மட்டுமே. நீட்ட இயலாத 1,138 பேருள் 521 பேருக்கு முறிவு இருந்தது. ஏறத்தாழ இருவரில் ஒருவர்.

இவ்வெண்கள் இரண்டு பாடங்களைத் தருகின்றன. நீட்ட இயலாத முழங்கையை எக்ஸ்ரே படம் எடுக்காமல் ‘சுளுக்கு’ என்று சொல்லுதல் தகாது. நீட்ட இயன்ற முழங்கை பெரும்பாலும் முறியாதது, எனினும் அந்த 17 பேரையும் மறத்தலாகாது. வலி ஒரு வாரம் பத்து நாளில் தணியாவிடில் மீண்டும் மருத்துவரைக் காண வேண்டும். குழந்தைகளிடத்தில் இன்னும் கூடுதலான விழிப்பு வேண்டும்.

விரல்களின் நிலையை அறிவது இதனினும் முதன்மையானது. முழங்கையைத் தாண்டியே கைக்கான பெரிய இரத்தக்குழாயும் மூன்று நரம்புகளும் செல்கின்றன. விரல் நகத்தை மெல்ல அழுத்தி விட்டால், வெளுத்த நிறம் இரண்டு நொடிக்குள் சிவந்து திரும்ப வேண்டும். விரல்கள் இளஞ்சூடாக இருக்க வேண்டும். நரம்புகளைச் சோதிக்கக் குழந்தைகளின் விளையாட்டு ஒன்றையே மருத்துவர் பயன்படுத்துகின்றனர். கல், காகிதம், கத்தரிக்கோல் என்பதே அவ்விளையாட்டு. கல்லாகக் கையை மூடினால் நடு நரம்பு வேலை செய்கிறது. காகிதமாக விரல்களை விரித்து நீட்டினால் ரேடியல் நரம்பு வேலை செய்கிறது. கத்தரிக்கோலாக விரல்களை அகற்றினால் அல்னார் நரம்பு வேலை செய்கிறது. பெருவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் தொட ஒரு வட்டம் அமைத்துக் காட்டினால், நடு நரம்பின் ஆழ்ந்த கிளையும் நலமாக உள்ளது. அழும் குழந்தையும் விளையாட்டென்றால் செய்து காட்டும். மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலேயே தாய் இதனைச் செய்து பார்த்துச் சொன்னால் மருத்துவருக்குப் பேருதவியாகும்.

வயதுக்கேற்ற காயங்கள்

ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு வருவது ‘இழுபட்ட முழங்கை’. சாலையைக் கடக்கும்போது தாய் சட்டென்று கையைப் பிடித்து இழுப்பார். அல்லது மாமா இரு கைகளையும் பிடித்துச் சுழற்றி விளையாட்டுக் காட்டுவார். வளைய நார் ரேடியஸின் தலையிலிருந்து நழுவி மூட்டுக்குள் சிக்கும். வீக்கம் இராது. குழந்தை கையைச் சற்றே மடக்கி, உள்ளங்கையை உட்புறம் திருப்பி, உடலோடு ஒட்டித் தொங்கவிட்டபடி அசைக்க மறுக்கும். பயின்ற மருத்துவர் ஒரு நொடியில் அதனைச் சரிசெய்வார். சில நிமிடங்களில் குழந்தை பொம்மையை எட்டிப் பிடிக்கும். ஆயினும் விழுந்த குழந்தைக்கும் வீக்கமுள்ள குழந்தைக்கும் அதே திருப்பத்தைச் செய்தல் பெருங்கேடு. குழந்தையைத் தூக்க வேண்டின் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதே முறை.

ஐந்து முதல் ஏழு வயதினரிடம் மிகுதியாகக் காணப்படுவது மேற்கை எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே முறிவது. குழந்தைகளின் முழங்கை முறிவுகளுள் இதுவே முதன்மையானது. அவ்விடத்தில் எலும்பு தட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்கிறது. நீட்டிய கையை ஊன்றி விழும்போது அங்கே முறிந்து, மேல் துண்டின் கூர்முனை முன்புறமுள்ள இரத்தக்குழாயையும் நரம்பையும் குத்தவோ அழுத்தவோ கூடும்.

அதே வயதில் வெளிப்பக்க மேடு மட்டும் முறிவதும் உண்டு. வீக்கம் சிறிது, வலி சிறிது. அதனாலேயே இது கவனிப்பாரின்றிப் போகிறது. பொருந்தாது விடப்பட்ட அத்துண்டு சேராமல் நிற்க, வளர வளர முன்கை வெளிப்புறம் சாய்கிறது. ஆண்டுகள் பல கழிந்த பின், அல்னார் நரம்பு நாள்தோறும் இழுபட்டுச் சுண்டுவிரல் மரத்துக் கை மெலிகிறது. இளமையில் புறக்கணித்த ஒரு விழுகை நடுவயதில் வந்து கணக்குக் கேட்கிறது.

பெரியவர்களுக்கு இருசக்கர வாகனத்திலிருந்து சறுக்கிக் கையூன்றி விழும்போது பெரும்பாலும் முறிவது ரேடியஸின் தலை. வெளிப்பக்கத்தில் வலியும், சாவியைத் திருப்புவது போன்ற அசைவில் வலி மிகுவதும் அதன் அடையாளம். முழங்கையின் முனை நேரே தரையில் மோதினால் அல்னாவின் முனை முறிந்து, கையைத் தானே நீட்டும் ஆற்றல் குறையும். மூட்டு முழுதும் நழுவினால் பெரும்பாலும் முன்கை பின்னோக்கித் தள்ளப்பட்டு, அல்னாவின் முனை பின்புறம் துருத்தி நிற்கும். பெரியவர்களின் பெருமூட்டுகளுள் தோளுக்கு அடுத்து மிகுதியாக நழுவுவது முழங்கையே.

விழாமலே வருந்தும் முழங்கைகளும் உண்டு. அவற்றுள் முதலாவது ‘டென்னிஸ் எல்போ’. 1873-ல் ஜெர்மானிய மருத்துவர் ருங்கே இதனை எழுதுவோரின் துன்பமாக விவரித்தார். டென்னிஸ் விளையாட்டின் பெயர் பின்னரே சேர்ந்தது. 2004-ல் சச்சின் டெண்டுல்கரை ஆட்டங்களிலிருந்து ஒதுக்கியதும், 2005-ல் அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டு சென்றதும் இதுவே. எனினும் துணி பிழியும் பெண்களும், மாவு பிசைவோரும், திருப்புளி பிடிக்கும் தொழிலாளரும் டென்னிஸ் மட்டையைத் தொடாமலே இதனால் வாடுகின்றனர். மணிக்கட்டைப் பின்னோக்கித் தூக்கும் தசை, முழங்கையின் வெளிப்பக்க மேட்டில் பற்றியிருக்கும் நார் நைந்து போவதே காரணம். முழங்கையை நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்க ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கும்போது வெளிப்பக்க மேட்டில் வலித்தால் ஐயம் உறுதிப்படும். மூட்டின் மடக்கலும் நீட்டலும் பெரும்பாலும் குறையா.

இவ்வலி பெரும்பாலோர்க்கு ஓராண்டுக்குள் தணிவது. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களில் விரைந்த நிம்மதியைத் தருகிறது. ஆயின் ஓராண்டு முடிவில் ஊசி போட்டுக்கொண்டோர் நிலை, போடாதோர் நிலையினும் பின்தங்கியதை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. பளுவைக் குறைத்தல், உள்ளங்கை மேல்நோக்கப் பொருள்களைத் தூக்கப் பழகுதல், இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் பயிற்சிகளைப் படிப்படியாகச் செய்தல் என்பனவே நிலைத்த வழி.

கடையில் கல்லாவின் முன் முழங்கையை ஊன்றி நாள் முழுதும் அமர்வோருக்கு முனையில் முட்டை போன்ற வீக்கம் தோன்றுவதுண்டு. அது தோலுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள நீர்ப்பை வீங்குவது. கை முழுதும் நீண்டு மடங்குமாயின் மூட்டு நலமாக உள்ளது என்று பொருள். அவ்வீக்கம் சிவந்து, சூடேறி, காய்ச்சலும் சேர்ந்தால் கிருமி புகுந்தது என்று அறிந்து விரைய வேண்டும். இரவில் கையை மடக்கித் தலைக்குக் கீழ் வைத்துறங்குவோரும், கைப்பேசியை நெடுநேரம் காதில் வைத்திருப்போரும் சுண்டுவிரலிலும் மோதிரவிரலின் பாதியிலும் மரமரப்பை உணரலாம். முழங்கை முனை சுவரில் இடிக்கும்போது ‘கரண்ட் அடித்தது’ என்று சொல்லவைக்கும் அதே அல்னார் நரம்பின் முறையீடு அது.

மூன்று தவறுகள்

இழுத்தல், நீவுதல், இறுகக் கட்டுதல் ஆகிய மூன்றும் முழங்கைக்கு இழைக்கப்படும் பெருந்தவறுகள்.

இழுப்பதனால் முறிந்த எலும்பின் கூர்முனை அசைந்து, அதுவரை தப்பியிருந்த இரத்தக்குழாயையும் நரம்பையும் சேதப்படுத்தும்.

நீவுதல் மென்மையான செயலாகத் தோன்றும். ஆனால் அடிபட்ட முழங்கையின் தசைகளுக்குள் கசிந்த இரத்தம் உண்டு. எண்ணெய் தேய்த்து நாள்தோறும் அழுத்தி உருவ உருவ, தசைக்குள்ளேயே புதிய எலும்பு படியத் தொடங்கும். பிறகு மூட்டு இறுகிவிடும். வலி நீங்க வேண்டிச் செய்த செயல் இயக்கத்தையே பறித்துவிடும்.

இறுகக் கட்டுதல் இவற்றுள் கொடியது. 1881-ல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்டு ஃபொன் ஃபோல்க்மான், இறுகிய கட்டுகளின் பின் முன்கைத் தசைகள் சுருங்கி விரல்கள் கொக்கிபோல் வளைந்து நிற்பதை விவரித்தார். இரத்த ஓட்டம் தடைபடுவதே காரணம் என்றும் எழுதினார். முன்கைத் தசைகள் உறுதியான உறைகளுக்குள் அடங்கியவை. உள்ளே வீக்கம் பெருக, வெளியே கட்டு இறுக, நடுவில் தசை மூச்சுத் திணறுகிறது. ஏறத்தாழ 6 மணி நேரத்தில் மீளாச் சேதம் தொடங்கிவிடுகிறது. அக்கையைப் பின்னர் எவ்வளவு அறுவை செய்தாலும் பழைய கையாக்க இயலாது.

இதன் முதல் எச்சரிக்கை வலியே. அடிக்குப் பொருந்தாத, நேரம் செல்லச் செல்ல ஏறுகின்ற, மருந்துக்கு அடங்காத வலி அது. மடங்கிய விரல்களை மெல்ல நீட்டினால் குழந்தை துடிக்கும். வெளுப்பும் குளிர்ச்சியும் மரமரப்பும் பிந்தியே வரலாம். மணிக்கட்டில் நாடி துடிக்கிறது என்பது மட்டும் ஆறுதலாகாது. மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டாயினும் இவ்வலி வந்தால் விடியும்வரை காத்திராமல் அக்கணமே திரும்பிச் சென்று கட்டைத் தளர்த்தச் செய்ய வேண்டும். ‘அழாதே ராசா, பொறுத்துக்கொள்’ என்று குழந்தையைத் தேற்றக் கூடாத வேளை அது. குழந்தை அழுது உண்மையைச் சொல்கிறது.

செய்யத்தக்கவை

கை எந்நிலையில் இருக்கிறதோ அந்நிலையிலேயே தலையணையோ மடித்த போர்வையோ கொடுத்துத் தாங்க வேண்டும். துண்டால் கழுத்திலிருந்து தளர்வாகத் தொங்கவிடலாம். வளையல், மோதிரம், கைக்கடிகாரம், மணிக்கட்டுக் கயிறு ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்ற வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைக்கலாம். விரல்கள் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். அறுவை தேவைப்படலாம் என்பதால் மருத்துவர் பார்க்கும்வரை உணவு கொடாதிருத்தல் நன்று.

சிகிச்சைக்குப் பின்னும் பொறுமை வேண்டும். முழங்கை எளிதில் இறுகும் மூட்டு. ஆகவே மருத்துவர் கூறிய காலத்துக்கு மேல் கட்டை வைத்திருத்தலும் தவறு, அதற்கு முன்னரே அவிழ்த்தலும் தவறு. கட்டு நீங்கிய பின் நோயாளி தம் தசையின் ஆற்றலால் தாமே மடக்கியும் நீட்டியும் பழக வேண்டும். பிறர் பிடித்து அழுத்தி மடக்குவதும், நீர் நிறைந்த வாளியைத் தூக்கவைத்துக் கையை நீட்ட முயல்வதும் இறுக்கத்தை வளர்ப்பன.

இனி அந்தச் சிறுவனின் கதையை மாற்றி எண்ணிப் பார்க்கலாம். ஊஞ்சலிலிருந்து அவன் விழுகிறான். சித்தப்பா ஓடி வருகிறார், ஆனால் இழுக்கவில்லை. மறு கையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். பாட்டி எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்காமல் தலையணையை எடுத்து வருகிறார். பக்கத்து வீட்டார் மூங்கில் சிம்பு தேடாமல் வண்டி கொண்டுவருகிறார். போகும் வழியில் தாய் அவனோடு கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாடுகிறார். அதே அன்பு, அதே நான்கு பேர். அன்று மாலையே எலும்பு பொருத்தப்படுகிறது. சில மாதங்களில் அவன் தன் கையாலேயே உண்கிறான்.

அவையோரே, அடிபட்ட முழங்கையைக் கண்டால் கை தானாக நீளும். அது மனித இயல்பு. அந்தக் கையை ஒரு நொடி நிறுத்திக் கண்ணைச் செலுத்தினால் போதும், கைக்கு எட்டியது வாய்க்கும் எட்டும்.